புகைக்குள் மூன்றாம் முறை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதன்று. லிங்கராஜபுரத்தில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜூடித், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பேட்டரித் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துபவள். அவள் இதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்காதவர் எழுதியே ஆகவேண்டும்.

முதல் தொடக்கம்: "புகை சூழ்ந்த கூடத்தில் நிக்கோல் தன்னந்தனியே..."

அடித்துவிட்டேன். அங்கே புகையே இல்லை. குளிரூட்டிய பயிற்சி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். பயிற்சிக்கு வந்திருந்த தொழிலாளி நிக்கோலின் கண்களை மூடியிருந்த மெய்நிகர்க் கருவிக்குள்தான் தீ பற்றியிருந்தது. வாசகரை முதல் வரியிலேயே ஏமாற்றுவது முறையன்று.

2

விதி எளியது. தீப்பிடித்தால் எச்சரிக்கை மணியை அழுத்திவிட்டு வெளியேறி, கேட் அருகே வந்து நிற்கவேண்டும். விழுந்துகிடப்பவரைத் தூக்கத் திரும்பக்கூடாது. அது தீயணைப்புப் படையின் வேலை. வாய்ப்புகள் மூன்று. மூன்றிலும் தவறினால் நிக்கோலின் வேலை நிரந்தரமாகாது.

முதல் இருமுறையும் அவள் விழுந்துகிடந்தவரிடம் திரும்பிப் போனாள்.

(கருவிக்குள் அவள் காண்பதை, சுவரிலுள்ள தொலைக்காட்சியில் எல்லாரும் காண்பார்கள். இதை முன்பே சொல்லியிருக்கவேண்டும்.)

புகைக்குள் கிடக்கும் பொம்மை மனிதனுக்குத் தமிழ்க்குரல் கொடுத்தவர் ரெமிஜியஸ். நிக்கோலின் பிரிவிலேயே வேலை செய்பவர். தேவாலயத்தில் ஞாயிறு வாசகம் வாசிப்பவர் என்பதால் நிறுவனம் அவர் குரலைப் பதிவுசெய்தது. "யாராவது இருக்கீங்களா? என்னால எழுந்திருக்க முடியல" என்று கூப்பிடுவார். மற்றவர்கள் தாண்டிப் போனார்கள். ரெமிஜியஸே தம்மைத் தாண்டிப் போய்த் தேர்ச்சி பெற்றார்.

"உன் குரல்தானேப்பா, பாவம் பாக்கலயா?" என்று கேட்டான் விக்கி, உடன் வேலை செய்பவன்.

"அவன் எப்பவும் அப்படித்தான் கூப்பிடுவான், விடு."

3

இரண்டாம் முறை நிக்கோல் அந்தப் பொம்மையின் தோளைப் பற்றி இழுத்தபோது அறையே சிரித்தது.

"ஜூடித்தக்கா, ஸ்ட்ரெச்சர் வேணாம். இவங்க அப்படியே தூக்கிட்டு சர்ச்சுக்குக் கல்யாணம் கட்டப் போயிடுவாங்க" என்றான் விக்கி.

கருவியைக் கழற்றியதும்தான் அவளுக்குத் தொலைக்காட்சியின் நினைவு வந்தது. அதன் கீழே ரெமிஜியஸ் அமர்ந்திருந்தார். அவள் முகம்...

(முடிக்கமாட்டேன். அந்த அறை பார்த்தது போதும்.)

ரெமிஜியஸை எழுதுவதில் எனக்கு ஐயம் உண்டு. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஜூடித்தைக் கேட்டேன்.

"அந்த மனுஷன் வாயத் தொறந்தாதானே ஆன்ட்டி? ஒரே பேஜாரு."

4

ஜூடித் நிக்கோலைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள்.

"நிக்கோல், கன்னடத்துல போட்டுத் தர்றேன். உனக்குத்தான் நல்லா வருதே. அதுல வேற யாரோ குரல். சும்னே, ஒண்ணும் யோசிக்காம தாண்டிப் போயிடு."

"ரூல்ஸ்ல இருக்கா அக்கா?"

"லாங்குவேஜ் உன் இஷ்டம்தான்."

இங்கே கதை என்னிடம் மூன்று முடிவுகளை நீட்டியது. கன்னடத்தில் தேறுகிறாள்: ஒழுங்கான முடிவு, உயிரில்லை. தமிழில் தவறுகிறாள்: அவள் வேலையைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. தமிழிலேயே அவரைத் தாண்டிப் போய்த் தேறுகிறாள்: எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

நிக்கோல் சொன்னது இது:

"தமிழே போடுங்கக்கா. நாளைக்கு நெஜமாவே புடிச்சா, அங்க கூப்பிடறது வேற யாரோவா இருக்காது."

அறைக் கதவு திறந்தே இருந்தது; உள்ளே ரெமிஜியஸ் இருந்தார்.

5

அவள் கருவியை மாட்டிக்கொண்டபோது ரெமிஜியஸ் எழுந்தார்.

"நிக்கோல், நான் இங்க உக்காரல. கீழ கேட்டாண்ட போய் நிக்கறேன். முடிச்சிட்டு வாங்க."

(இது என் கற்பனையன்று. ஜூடித் மாதாமேல் ஆணையிடுகிறாள்.)

விக்கி உட்பட ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் படியிறங்கும் ஓசை தேய்ந்தது. கருவிக்குள் புகை எழும்பியது. அதே குரல் கூப்பிடத் தொடங்கியது.

பிறகு நடந்ததை ஜூடித் என்னிடம் சொன்னாள். நான் எழுதமாட்டேன். நிக்கோலின் முதுகுப்பக்கம் ஒரு குரல். கீழே, வெயிலில், அந்தக் குரலுக்கு உரியவர். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று அறிய விரும்புவோர் தாமே அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கட்டும். என்னால் ஆனது ஒன்றே: இந்தக் கதைக்குள் சுவரிலிருந்த தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.