பூக்கல்லில் அடைத்த சாரங்கள்

என் கணவர் பஸாலின் ஜனாஸா அடக்கத்துக்காக வீட்டைவிட்டுப் போன அன்றே, எங்கள் அறைச் சுவரில் காற்றுக்காகப் பதித்திருந்த பூக்கல்லின் ஓட்டைகளை என் உம்மா அடைத்துவிட்டார். புருஷன் மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் இத்தா இருக்க வேண்டுமாம். காற்று வரும் வழியால் ஆண்களின் கண்ணும் வருமாம். கைக்கு அகப்பட்டவை பஸால் இடுப்பில் உடுத்த சாரங்கள். அவற்றைச் சுருட்டித் திணித்தார். அந்தப் பக்கம் இருப்பது பக்கத்து வீட்டு ஜெமீல் காக்காவின் வளவு. ஏணி வைத்து ஏறினால்தான் எங்கள் அறை தெரியும். அந்த மனிதருக்கோ வாசற்படி ஏறவே முழங்கால் விடாது. யாரிடம் போய்ச் சொல்ல?

பூக்கல்லைப் பதித்ததே பஸால்தான். வாப்பா சீதனமாகக் கட்டித் தந்த வீட்டில் டைல்ஸ் உண்டு, சீலிங் உண்டு, காற்றுக்கு மட்டும் வழியில்லை. மகள் றிப்னாவுக்கு முட்டு வந்து மூச்சு இழுத்தபோது டொக்டர் எங்களை ஏசினார். மறுநாளே பஸால் சுவரை உடைத்தார்.

"உன்ட கோவமும் இதால வெளிய போகட்டும் நதீரா," என்று சிரித்தார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய பிறகு அவருடைய உடுப்புகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். சுவரில் இருந்தவற்றை எல்லோரும் மறந்தார்கள். நான் மறக்கவில்லை. உம்மா அடுப்படிக்குப் போனதும் கதிரையில் ஏறி, அந்தச் சாரங்களில் முகத்தை வைப்பேன். அவருடைய வியர்வையும் அத்தரும் இன்னும் இருந்தன. அல்லாஹ்வே, அந்த மணத்துக்காகத்தான் நான் காலையில் எழும்பினேன்.

மாரி தொடங்கியது. சாரல் அடித்ததால் ஜன்னலையும் பூட்டினோம்; ஈரத்தில் ஊதி அது திறக்கவே வராமல் இறுகிப்போனது. உம்மாவின் சாம்பிராணிப் புகை போக இடமில்லாமல் அறைக்குள்ளேயே நின்றது. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு றிப்னாவுக்கு முட்டு வந்தது. வாயில் வைத்து மருந்துப் பம்ப் அடித்தும் குறையவில்லை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது.

உம்மா சாம்பிராணிச் சட்டியை வெளியே கவிழ்த்துவிட்டு ஓடிவந்தார். "அந்தச் சாரத்த இழுத்துப் போடு மகள். பாக்கிறவன் பாத்திட்டுப் போறான். புள்ள மூச்செடுக்கட்டும்."

"ஏலா," என்றேன் நான்.

"என்ன கத கதைக்கிறாய்?"

"அதுலதான் உம்மா அவர்ர மணம் இரிக்கி. வேற ஒண்டும் எனக்கு இல்ல."

றிப்னா என் சட்டையைப் பிடித்தாள். "உம்மா... காத்து... இல்ல."

கதிரையில் ஏறினேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். மழை ஈரத்தோடு கடற்காற்று முகத்தில் அடித்தது. பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து இன்னொரு தரம் பம்ப் அடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பு அடங்கியது.

பிறகுதான் சாரங்களைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டியிருந்த பக்கமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"இதத்தான் புள்ள இத்தின நாளும் சுவாசிச்சிரிக்கி," என்றார் உம்மா. "குடு, நான் கழுவுறன்."

நான் கொடுக்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்தேன். பூஞ்சணம் படாத ஒரு மூலையைத் தேடி, கடைசியாக ஒருமுறை முகத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு நானே சோப்புப் போட்டேன்.