புயலுக்கு ஊசி

அண்ணன் நாயைப் பரிசோதனை மேஜைமேல் தூக்கி வைக்கவில்லை. நாயே தாவி ஏறிக்கொண்டது. பெயர் புயல்.

"காலையே ஊன்ற மாட்டேங்குது, பாவம்" என்றான் அண்ணன். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. "அந்த ஸ்ட்ராங்கான வலி மாத்திரைக்கு ஒரு சீட்டு எழுதிக் குடேன். இதுக்குப் போய் நேர்ல வரச் சொல்ற."

"நாயைப் பார்க்காம எழுதினா என் லைசென்ஸ் போயிடும்ணா."

கால்நடை டாக்டரான தங்கை நான்கு கால்களையும் மூட்டு மூட்டாக அழுத்திப் பார்த்தாள். புயல் அவள் காதை நக்கியது.

அண்ணனின் முதுகு பிசகியபோது அவன் விழுங்கியதும் அதே மாத்திரைதான். பழக்கமாகிவிட்டது என்று அவனுடைய டாக்டர் நிறுத்தியதையும், அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே தலைகாட்டாததையும் அண்ணி அவளிடம் சொல்லியிருந்தாள். நேராகக் கேட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வேறு எங்காவது வாங்குவான்.

"எழுதலாம்" என்றாள் தங்கை. "நாயோட எடை, உன் பேரு, விலாசம், எத்தனை மாத்திரைன்னு எண்ணுலயும் எழுத்துலயும். திரும்ப வேணும்னா திரும்ப நாய் வரணும்."

"ஒரு நாய்க்கா இவ்வளவு?"

"நாய் பேரைச் சொல்லி வேற யாரும் தின்னுடக்கூடாதில்ல."

அண்ணன் நாயின் வாலைப் பார்த்தான். அது மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஆனா இவ்வளவு வலின்னா சீட்டெல்லாம் எதுக்கு? நானே இங்கயே ஊசி போட்டுடறேன். பதிவு பண்ணிட்டாப் போதும்."

இரும்பு அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னப் பெட்டியின் பூட்டையும் திறந்தாள். மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். போட வேண்டி வராது என்று அவளுக்குத் தெரியும். புயலுக்குத் தடுப்பூசி போடும்போதுகூட வாசலில் போய் நிற்கிறவன் அவன்.

"எந்த ஊசி அது?"

"யானையே படுத்துடும். கெட்டியாப் பிடிச்சுக்க."

அண்ணனின் கை குறுக்கே வந்தது.

"வேணாம். அவனுக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப யாருக்கு?"

"எனக்குத்தான், லூசு. படுத்தா புரள முடியல."

"அதை ஏன் நாய் வாயால சொல்ற?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முதுகு பிடித்துக்கொள்ள, மேஜை விளிம்பைப் பற்றினான். கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காததுபோல் குப்பியை உள்ளே வைத்து இரண்டு பூட்டையும் பூட்டினாள். புயலின் சீட்டில் 'நான்கு கால்களும் நலம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"கிளம்பு. உன் டாக்டர்கிட்ட போலாம்."

"திட்டுவாரும்மா."

"திட்டட்டும். நான் பக்கத்துல நின்னு ரசிக்கிறேன்."

"மாத்திரை குடுக்கமாட்டாரே."

"மாத்திரையை விட்டா வைத்தியமே இல்லையா? வேற என்ன பண்ணலாம்னு நான் கேக்கறேன். நீ வாயைத் திறக்காத."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. காரின் பின்சீட்டில் மெல்ல ஒருக்களித்துப் படுத்தான். முன்சீட்டில் புயல் ஏறிக்கொண்டது. அதற்கு பெல்ட்டைப் போட்டுவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.