வெயிலில் பெய்த நாற்பத்தொரு மில்லிமீட்டர்

எங்கள் தலைமை ஆசிரியர் ஸுஹைருக்கு நைலா டீச்சரைக் கண்டாலே ஆகாது. நைலாவின் டீச்சர் நாற்காலியில் தன் தங்கை மகளை உட்காரவைக்க அவர் திட்டம் போட்டிருந்தார். கைரவானுக்குத் தெற்கே, மூன்று வருடமாக மழை எட்டிப் பார்க்காத எங்கள் ஊருக்குத் தலைநகர் துனிஸிலிருந்து எவளும் வரமாட்டாள் என்று நம்பினார். நைலா வந்துவிட்டாள். வியாழக்கிழமை வரும் ஆய்வாளர் அவள் வேலையை நிரந்தரமாக்காமல் போனால்தான் இனி அவர் திட்டம் பலிக்கும்.

நான் பக்கத்து வகுப்பு வாத்தியார். அப்பா கம்பளக் கடைக்காரர். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால், யார் எவ்வளவு விலை இறங்குவார் என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றும். இந்த இரண்டு பேரும் இறங்குகிற ரகமில்லை.

நைலா வானிலைப் பாடத்தைப் பிள்ளைகளின் கையாலேயே செய்யவைத்தாள். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, அளவுக் கோடு போட்டு, மழைமானி. காற்றின் திசை பார்க்க நீளக் குச்சி கேட்டாள். எட்டு வயது யுஸ்ரா வீட்டிலிருந்து நீளக் காம்பு மர அகப்பையையும் அம்மாவின் சிவப்பு முக்காட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் அகப்பையை நட்டு, உச்சியில் முக்காட்டைக் கட்டி, அடியில் பாட்டிலை வைத்தார்கள். தினமும் காலையில் அளவு பார்த்து, சுவர் அட்டையில் எழுதுவார்கள். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

ஸுஹைர் சிரித்தார். "இது பாடமாம்மா, இல்ல மழைப் பிச்சையா? ஊருக்குள்ள இதுக்குப் பேரு தங்கு அம்மா!"

மழை பொய்த்தால் எங்கள் பிள்ளைகள் அகப்பைக்குத் துணி சுற்றி, தங்கு அம்மா என்று வீடு வீடாகத் தூக்கிப்போவார்கள். பெண்கள் வாசலுக்கு வந்து அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆண்கள் நாங்கள் அந்நேரம் காபிக் கடையில் இருப்போம்.

"காத்து தெற்கே பாலைவனத்துலேருந்து வருது சார்," என்றாள் நைலா. "உங்க பேச்சுலயே அனல் தெரியுது."

"வியாழக்கிழமை வரைக்கும் பேசு. அப்புறம் துனிஸுக்குப் போய் உங்கம்மாகிட்டப் பேசு."

வியாழக்கிழமை வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. ஆய்வாளர் ஜலீலா மூட்டுவலியோடு வேனிலிருந்து இறங்கி நேரே முற்றத்துக்கு வந்தார். அதே வேனில் வந்த நைலாவும் கூடவே வந்தாள். யுஸ்ரா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"நாப்பத்தோரு மில்லிமீட்டர், டீச்சர்."

"பாத்தீங்களா மேடம்!" ஸுஹைர் குதித்தார். "வெயில் மண்டையப் பொளக்குது, இங்க நாப்பத்தொண்ணு! வெறும் பாட்டிலைக் காட்டக் கூச்சப்பட்டு டீச்சரே ஊத்திட்டாங்க."

ஜலீலா பாட்டிலடி மண்ணைக் காலால் தொட்டார். "சிந்தின ஈரம் இன்னும் காயலையே. டீச்சர் என்கூட இப்பத்தான் வேன்லருந்து இறங்கினாங்க."

ஸுஹைர் கண் இமைக்காமல் விலையை மாற்றினார். "அப்ப ஊர்ப் பொம்பளைங்க! முக்காடு போட்ட அகப்பையப் பாத்தா தங்கு அம்மான்னு ஊத்தத்தான் செய்வாங்க. விஞ்ஞானம் சொல்லித்தர வந்து மூடநம்பிக்கைய வளத்து வச்சிருக்காங்க. இவங்களையா நிரந்தரமாக்கப் போறீங்க?"

இந்த விலை படிந்துவிடும் போலிருந்தது. ஜலீலா நோட்டைத் திறந்தார். நைலாவின் முகம் வெளுத்தது. அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"அட்டையில என்ன எழுதலாம்? நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பாட்டிலடி தவிர எல்லாம் காஞ்சு கெடக்கு, மழை இல்ல," என்றது ஒரு குரல். யுஸ்ரா எக்கி நின்று முக்காட்டைப் பிடித்துக் கசக்கினாள்.

"இதுவும் காஞ்சிருக்கு, டீச்சர்."

"அதனால?"

"தங்கு அம்மாவுக்குத் தலையிலதானே ஊத்துவாங்க? எங்கம்மா ஊத்தியிருந்தா முக்காடு சொட்டச் சொட்ட இருக்கும். பாட்டிலுக்குள்ள குறி பாத்து யாரு ஊத்துவா?"

ஜலீலாவும் முக்காட்டைத் தொட்டுப் பார்த்தார். "நானும் சின்ன வயசுல ஊத்தினவதான். கீழ ஊத்தியிருந்தா எங்கம்மா என் முதுகுத் தோல உரிச்சிருப்பா. இது பொம்பளை ஊத்தின தண்ணி இல்ல."

பள்ளியில் அப்போது இருந்த ஆண்கள் இரண்டே பேர். ஆய்வாளர் வரும்வரை நான் வகுப்பை விட்டு நகரவில்லை என்று முப்பது பிள்ளைகள் சாட்சி சொல்வார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஸுஹைரை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

"அப்ப என்ன எழுதுவ?" என்று கேட்டார் ஜலீலா.

"வானம் பூஜ்யம்," என்றாள் யுஸ்ரா. "மனுஷன் நாப்பத்தொண்ணு."

அலுவலகத்தில் எங்கள் முன்னால் ஜலீலா படிவத்தில் நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினார். பள்ளி முத்திரை விழ வேண்டும்.

"மை காஞ்சு போச்சு மேடம். அடுத்த வாரம் அனுப்பிடறேன்."

ஜலீலா தண்ணீர்க் கூஜாவை அவர் பக்கம் நகர்த்தினார். "கொஞ்சம் ஊத்திக்குங்க சார். உங்களுக்குப் பழக்கம்தானே."

ஸுஹைரின் காது சிவந்தது. மைப் பெட்டியைத் திறந்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். வேண்டுமென்றே தலைகீழாக.

"அடுத்த வருஷம் இதே மேசைலதாம்மா நான் இருப்பேன்," என்றார் நைலாவிடம்.

"நானும் இதே வகுப்புலதான் சார் இருப்பேன்."

ஜலீலா படிவத்தை ஊதிக் காயவைத்தார். "தலைகீழா இருந்தாலும் செல்லும்," என்று பையில் போட்டுக்கொண்டார்.