பஃபர் பார்க்கப் போனோம்

என் வீட்டுக்காரர் நாகேந்திரனுக்கு எதையும் ஜோடியாகத்தான் பார்க்கத் தெரியும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேரிங் மாஸ்டர். இடது காலும் வலது காலும் ஒரே நிறமா, ஒரே தோலா, ஒரே சுருக்கமா என்று சேர்த்துப் பார்த்து ஜோடி போடுகிற வேலை. அதைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வரலாம் இல்லையா? மாட்டார். தட்டில் இரண்டு இட்லி வைத்தால் ஒன்றை ஒன்றின் பக்கத்தில் நகர்த்திப் பார்த்துவிட்டு, "இது சின்னது, மாத்து" என்பார். எங்கள் கல்யாணத்திலேயே மாலை இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்து ஒன்றைத் திருப்பி அனுப்பிய மனிதர். முகூர்த்தம் போகிறதே என்று ஐயர் தலையில் அடித்துக்கொண்டார்.

இவரிடம் போய், எம்.எஸ்சி. படித்த உங்கள் மகள் மீன் கடை வைத்திருக்கும் பிரேம்நாத் என்கிற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று யார் சொல்வது? அதுவும் குழம்பு மீன் இல்லை, கண்ணாடித் தொட்டி மீன். படிப்புக்குப் படிப்பு, சம்பளத்துக்குச் சம்பளம் என்று ஒட்டிப் பார்த்து ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். அதனால் நானும் மகள் சௌந்தர்யாவும் ஒரு திட்டம் போட்டோம். முதலில் அவர் பையனைப் பார்க்கட்டும், பேசட்டும், பிடிக்கட்டும். அப்புறம் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.

சாக்குக்கு நத்தை கிடைத்தது. எங்கள் வீட்டுத் தொட்டியில் செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தை பெருகிப் பெருகிக் கண்ணாடியே தெரியவில்லை. குட்டி பஃபர் என்று ஒரு மீன் உண்டாம். கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும், கோபம் வந்தால் வயிற்றை உப்பிக்கொள்ளும், நத்தை என்றால் உயிரை விடும். அது சத்துவாச்சாரியில் பிரேம்நாத் கடையில்தான் கிடைக்கும் என்று சொல்லி, லீவு நாளில் இவரை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன்.

பிரேம்நாத்துக்கு யார் வருகிறார் என்று தெரியும். புதுச் சட்டை போட்டிருந்தான். கையில் இருந்த மீன் வலை தொட்டியில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது.

"பஃபர் ஒரு ஜோடி எடுப்பா" என்றார் இவர். "மஞ்சள் லைட்டை அணை. ஷேடு தெரியாது. வெள்ளை லைட் போடு."

போட்டான். இவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் குனிந்தார். அந்தப் பக்கம் பஃபர்கள் குண்டு கண்ணை உருட்டி இவரைப் பார்த்தன. இவர் வெகுநேரம் நிமிரவில்லை. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் விரலை நீட்டினார்.

"இது ஒண்ணு. அது ஒண்ணு. ரெண்டும் ஒரே சைஸ், ஒரே கலர். அடிவயித்துல கறுப்புக் கோடு பாரு, ரெண்டுக்கும் ஒரே மாதிரி. இன்னா ஃபினிஷ்!"

பிரேம்நாத் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினான். "சார், அந்தக் கோடு இருந்தா ஆண். ரெண்டு ஆணை உங்க தொட்டியில விட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சே கொன்னுடும்."

"நான் முப்பது வருசமா ஜோடி போடறவன்பா."

"ஷூ அடிச்சுக்காது சார்."

அடப்பாவி என்று நினைத்தேன். இவருக்குப் பின்னால் நின்று, கொடுத்துத் தொலை என்று கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கும்பிட்டும் காட்டினேன். பையன் பார்த்தான். ஆனாலும் வலையைக் கீழே வைத்துவிட்டான்.

"குடுக்க மாட்டேன் சார். மன்னிச்சுக்குங்க."

"அப்ப எப்டிதான் வளக்கறது?"

"தனியா ஒண்ணு வளக்கலாம். இல்லேன்னா ஒரு ஆம்பளைக்கு மூணு பொண்ணு வேணும் சார். ஒண்ணே ஒண்ணு இருந்தா அதையே தொரத்தித் தொரத்தி உசுர எடுத்துடும்."

மாமனாராக வரப்போகிறவரிடம் பேசுகிற பேச்சா இது? இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீட்டில் சௌந்தர்யா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவளுக்கு என்ன பதில் சொல்வேன்? இவரோ சாலையைப் பார்த்தபடி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"ஏத்துமதி கண்டெய்னர் கம்பெனி வாசல்ல நிக்கும், மேனேஜர் கத்துவான், அப்பவும் தப்பு ஜோடியை நான் பொட்டியில வெச்சதில்ல. ஊர்ல நான் ஒருத்தன்தான் அப்டி பேஜார் பண்ணுவேன்னு நெனச்சுட்டிருந்தேன். இவன் வர்ற கஸ்டமரையே திருப்பி அனுப்பறான் பாரு, கலை."

இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "ஏங்க, நம்ம சௌந்தர்யா அந்தப் பையனைத்தான் கட்டிக்கணும்னு சொல்றா."

கண்ணைத் திறந்தபோது ஆம்பூர் பஸ் வந்து நின்றிருந்தது. இவர் ஏறவில்லை. "மூணு வேணும்னு சொன்னானே, அவனா?" என்றவர் திரும்பி விடுவிடுவென்று நடந்தார். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கடையில் பிரேம்நாத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது.

"மீனுக்கு மூணு. சரி" என்றார் இவர். "உனக்கு?"

பையன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு... ஒண்ணே ஒண்ணுதான் சார். தொரத்தவும் மாட்டேன்."

நான் சிரிப்பை அடக்கத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் சிரிக்கவில்லை. அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"ஒரு மீன் போதும். தனியாவே இருக்கட்டும்."

"எது சார்?"

"நீயே எடு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் எரிச்சலும்தான். இத்தனை வருஷத்தில் ஒரு செருப்பைக்கூட என்னை எடுக்க விட்டதில்லை இந்த மனிதர்.

பிரேம்நாத் ஒரு பஃபரைப் பிடித்துப் பையில் காற்றடைத்துக் கொடுத்தான். இவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா. தொட்டியில தண்ணி சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போ."

"வர்றேன் சார். எத்தினி மணிக்கு?"

"உங்க அப்பா அம்மாவுக்கு எப்ப தோதுப்படும்னு கேட்டுச் சொல்லு."