ஐந்தாம் கல்லும் இரண்டு நிமிடமும்

1

இந்தக் கதை என் கைக்கு வந்த வழி அவ்வளவு யோக்கியமானதல்ல. எங்கள் காஜா பெராங் ஓட்டச் சங்கம் சுதந்திர மலர் ஒன்று போடுகிறது. சங்கத்தில் ஓடத் தெரியாத உறுப்பினன் நான் ஒருவன்தான் என்பதால் மலரை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். "நம்ம மூத்த வீரர் சேதுபதியப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க. புகழ்ச்சியாவும் இருக்கணும், உண்மையாவும் இருக்கணும்" என்றார் செயலாளர் கலியாணசுந்தரம். இரண்டையும் ஒரே பக்கத்தில் உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று மலர் போடச் சொல்பவர்களுக்குத் தெரியாது.

நோட்டுப் புத்தகத்தோடு சேதுபதி வீட்டுக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "இத எழுதிராதே தம்பி" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே எழுதியும் கொண்டேன்.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

"மலாக்காவின் பொன்னிற விடியலில், வானம்பாடிகள் —" (வேண்டாம். விடியலில் காஜா பெராங்கில் கேட்பது சேவலும் லாரியின் இருமலும்தான்.)

"ஒரு தேசம் சுதந்திரத்தை நோக்கி ஓடியபோது அதனோடு ஒரு மனிதரும் —" (கலியாணசுந்தரத்துக்கு மிகவும் பிடிக்கும். ஆகவே வேண்டாம்.)

"அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, அவர் முழங்காலுக்கு எண்பது." இது அவர் மனைவி பூங்காவனம் அக்கா சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாமலே என்னைவிட நன்றாக எழுதுகிறார். இதையே வைத்துக்கொள்வோம்.

3

சேதுபதி சாலை இலாகாவில் மண்டோர். பத்து ஆட்களை வைத்து வேலை வாங்குபவர். பள்ளத்துக்குத் தார் ஊற்றுவது, சாக்கடை வெட்டுவது, மைல் கல்லுக்கு வெள்ளை அடித்துக் கறுப்பில் எண் எழுதுவது, எல்லாம் அவர் பொறுப்பு. டவுனிலிருந்து கோயில் ஊரான செங்குக்குப் போகும் சாலையை 'என் ரோடு' என்றுதான் சொல்வார்.

இருபது வருஷமாகச் சங்கத்தில் ஓடுகிறார். ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. வாங்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை என்பதால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லாமல் இருந்தது. இந்த வருஷம்தான் செயற்குழு ஒரு தீர்மானம் போட்டது. சுதந்திர மாரத்தானில் ஐம்பது வயது தாண்டியவர்கள் ஐந்து மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடிக்காதவர்கள் ஓட்டக்காரர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு 'ஆலோசகர்' ஆவார்கள்.* சங்கத்தில் ஐம்பது தாண்டியவர் ஒரே ஒருவர்தான் என்பது தற்செயல் என்கிறது செயற்குழு.

(* ஆலோசகரின் வேலை பந்தயப் பாதையில் தண்ணீர் வாளியோடு நிற்பது. ஆலோசனையை யாரும் கேட்பதில்லை.)

"வாளி தூக்கறதுக்கா தம்பி இருபது வருஷம் ஓடுனேன்?" என்று என்னிடம் கேட்டார். இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை, மன்னிக்கவும்.

4

ஏப்ரலிலிருந்து பயிற்சி. இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் பால் ஊற்றாத ஒரு கோப்பி ஓவும் உள்ளே போனதும் கென்வாஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஐந்தாம் கல்வரை ஓடித் திரும்புவார். பிறகு வேலைக்குப் போவார். தூரத்துக்கு அவர் வேறு அளவு வைத்துக்கொள்ளவில்லை. கல் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. எண் எழுதியதே அவர்தானே.

அந்தச் சாலையில் மாசி மகத்துக்குக் காவடி போகும். மற்ற நாட்களிலும் ஒரு மனிதர் அதே வழியில் வியர்க்க விறுவிறுக்கப் போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஐந்தாம் கல்லுக்கு அந்தப் பக்கம் அப்பக்கடை வைத்திருக்கும் அஞ்சலை ஒரு நாள் ஓடிவந்து மறித்து, அவர் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டாள்.

"என்னா வேண்டுதலுண்ணே? இவ்ளோ கஷ்டப்படறீங்க?"

"வேண்டுதல் இல்லம்மா. ஓட்டம்."

"ஐயோ, யாரு தொரத்துறா?"

நனைந்த சப்பாத்தோடு ஐந்து மைல் திரும்பியதில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மறுநாளும் அஞ்சலை குடத்தோடு காத்திருந்தாள். அதன் பிறகு அவள் தலை தெரிந்ததுமே சேதுபதி திரும்பிப் பறக்கக் கற்றுக்கொண்டார். அவர் வேகம் கூடியது இப்படித்தான். (மலரில் 'இடையறாத ஒழுக்கத்தால்' என்று எழுதியிருக்கிறேன்.)

5

இனிக் கல்லுக்கு வருவோம். டவுன் மைதானத்திலிருந்து ஐந்தாம் கல்லுக்கு இரண்டு தடவை போய்வந்தால் இருபது மைல். மூன்றாம் கல்லுக்கு ஒரு தடவை போய்வந்தால் ஆறு. மிச்சமுள்ள முந்நூற்று எண்பத்தைந்து கெஜத்துக்கு மைதானத்தைச் சுற்ற வேண்டும். இது கலியாணசுந்தரம் நாற்காலியை விட்டு எழாமல் பென்சிலால் அளந்த பாதை.

போன வருஷம் மாசி மகத்துக்கு முந்தின வாரம், டவுனில் துக்காங் எமாஸ் தெருவிலிருந்து செங்குக்கு வரும் கோயில் தேர் வளைவில் திரும்பும்போது ஐந்தாம் கல்லில் இடிக்கும் என்று பேச்சு வந்தது. மண்டோர் எதற்கு இருக்கிறார்? நாலு ஆள், ஒரு கடப்பாரை. கல்லைப் பிடுங்கினார். பக்கத்திலேயே நட்டால் நிற்காது, சுற்றிலும் சேறு. ஆகவே டவுன் பக்கமாக நூற்றுப்பத்து கெஜம் தள்ளி மேட்டில் நட்டார். திருவிழா முடிந்ததும் பழைய இடத்துக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தார். திருவிழா முடிந்தது, மறந்தும் போனார். சாமி காரியமாகச் செய்ததைத் திருப்பிச் செய்ய யாருக்குத்தான் அவசரம்? புது இடத்திலேயே கல்லுக்கு வெள்ளை அடித்தார், எண் எழுதினார், பிறகு அதையே நம்பி ஓடினார்.

6

சுதந்திரம் கிடைத்து இரண்டாம் ஞாயிறு பந்தயம். முதல் தடவை ஐந்தாம் கல்லில் குனிந்த தலை நிமிராமல் திரும்பிவிட்டார். இரண்டாம் தடவை, பதினைந்தாவது மைலில், அவருக்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் இல்லை. கல்லருகே கொடியோடு நின்றவர் மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் சிட்டியைச் சேர்ந்த தம்பிராஜா. அவருக்குத் தமிழ் நாலு வார்த்தை, மற்றதெல்லாம் மலாய். ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினார்.

சேதுபதி அண்ணாந்து குடித்தார். குவளைக்கு மேலே வளைவு தெரிந்தது. வளைவோரம் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு சின்னப் பள்ளம். கல் அளவுக்கே ஒரு பள்ளம்.

கல் அங்கே அல்லவா இருந்தது!

"மண்டோர், பூசிங் லா! பூசிங்!" என்று, திரும்பும்படி மலாயில் சொல்லித் தம்பிராஜா கொடியை ஆட்டினார். அவர் பாவம், நல்ல மனிதர், வீட்டில் சாப்பாடு காத்திருந்தது.

7

இங்கே நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன்.

முதல் படி: "சேதுபதி கொடியைத் தாண்டினார். பள்ளத்தை நோக்கி ஓடினார். அவர் கண்களில் சத்தியத்தின் —" (பதினைந்து மைல் ஓடினவர் கண்ணில் இருப்பது வியர்வை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் படி: மயங்கி விழுகிறார். (அவர் விழவில்லை. எனக்குத்தான் விழுந்தால் வசதி.)

நடந்தது: திரும்பினார். மற்றவர்கள் எப்படித் திரும்பினார்களோ அப்படியே. நாலு மணி ஐம்பத்தெட்டு நிமிடத்தில் மைதானத்தைத் தொட்டார். கலியாணசுந்தரம் புது வாளி ஒன்றில் 'ஆலோசகர்' என்று சாயத்தால் எழுதிக்கூட வைத்திருந்தாராம். அதை மேசைக்கடியில் தள்ளிவிட்டு மாலையைப் போட்டார். சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டு தடவை போய்த் திரும்பியதில் விடுபட்டது நானூற்று நாற்பது கெஜம், கால் மைல். அவர் ஓடிய வேகத்துக்கு அது மூன்று நிமிட ஓட்டம். கையில் மிச்சமிருந்தது இரண்டு. கணக்கு உங்களுக்கே வரும்.

8

பிறகு பத்து நாள் அவர் வீட்டுப் படியை முதுகைக் காட்டித்தான் இறங்கினார். கக்கூஸில் உட்கார்ந்து எழ உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டார்கள். வலது பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. பூங்காவனம் அக்கா உப்புப் போட்ட வெந்நீரில் அவர் காலை வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து நீவிவிட்டார். நீவும்போதுதான் அவர் கல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"கால் மைல் கம்மியா ஓடுனதுக்கே இந்தக் கூத்தா? முழுசா ஓடியிருந்தா ரெண்டு கயிறுல்ல கட்டியிருக்கணும்!"

"வெளையாடாத. அந்தக் காயிதத்துல என் பேரு இருக்கு."

"இருக்கட்டுமே. நீங்கதானே ஓடுனீங்க?"

"அவ்ளோ தூரம் ஓடல."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "பத்து நாளா தூக்கம் இல்ல ஒங்களுக்கு. ஒண்ணு போய்ச் சொல்லிட்டு வாளியத் தூக்குங்க. இல்ல, வாய மூடிட்டுத் தூங்குங்க. பக்கத்துல படுக்கறவளுக்கும் நாளைக்கு வேல இருக்கு."

இந்தப் பகுதியை நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

9

சேதுபதி இரண்டில் ஒன்றையும் செய்யவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை என்னைச் சைக்கிளில் ஐந்தாம் கல்லுக்கு வரச் சொன்னார். சங்கத்தின் ஓட்டக் கடிகாரத்தையும் கொண்டுவரச் சொன்னார். மலருக்குப் படம் பிடிக்க வேண்டும் என்று பொய் சொல்லி வாங்கிவந்தேன்.

"அஞ்சு மணிக்கு எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி. நான் ஓடாம விட்டது கால் மைலு. இப்ப ஓடறேன். ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துட்டா அந்தக் காயிதம் என்னோடது. தாண்டிட்டா, இங்கேருந்து நேரா கலியாணசுந்தரம் வீடு. வாளிய நானே கேட்டு வாங்கிக்கிறேன். கல்ல எப்படியும் நாளைக்குப் பழைய எடத்துல வச்சிருவேன்."

(பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு ஓடுவது என்ன நியாயம் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். "காலப் பாத்துட்டுக் கேளு" என்றார். பார்த்தேன். கேட்கவில்லை.)

ஓடினார். கல்லிலிருந்து பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து கல்லுக்கு. வலது காலை இழுத்து இழுத்து ஓடினார். இரண்டாம் தடவை பள்ளத்தருகே அஞ்சலை குடத்தோடு வந்து நின்றாள். சேதுபதி ஒதுங்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவள் ஊற்றிய தண்ணீரை மிதித்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தார். அவர் வந்து கல்லைத் தொட்டதும் நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

"எவ்ளோ?" என்றார்.

எழுதுகிறவன் கையில் கடிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. 'ஒரு நிமிடம் ஐம்பத்தாறு' என்றாலும் வாக்கியம் நன்றாக நிற்கிறது. 'இரண்டு நிமிடம் நாலு' என்றாலும் நன்றாகவே நிற்கிறது. முதலாவதை எழுதினால் அவர் தூங்குவார். இரண்டாவதை எழுதினால் கதை உயரும், அவர் வாளி தூக்குவார். முள்ளைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். சப்பாத்திலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டுகிறது. என் முகத்தையே பார்க்கிறார். நான் ஏற்கெனவே அவரிடம் ஒரு தடவை தலையாட்டி ஏமாற்றியவன், என் வாயில் வருவதை நம்பாதீர்கள். இதோ, விரலை எடுக்கிறேன். முள் எங்கே நிற்கிறது என்று நீங்களே படித்துச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், அவருக்கும் கேட்க வேண்டும்.