செம்பன் படுத்த மதியம்

லாயங்களில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குதிரையின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து அவள் அழுத்தி உருட்டுவதைப் பார்த்து யாரோ ஒருவர் "மாவு பிசையற அக்கா" என்று சொல்லப்போக, அது தேய்ந்து "மாவக்கா" என்று ஒட்டிக்கொண்டது. பந்தயக் குதிரையோ வண்டிக் குதிரையோ, முதுகு பிடித்துக்கொண்டு முரண்டு செய்தால் மாவக்காவுக்குத்தான் போன் வரும். "குதிரைக்குக்கூட மசாஜ் பண்ண ஆள் இருக்கு, எனக்குத்தான் ஒரு நாதியில்ல" என்று யாராவது சொல்லிச் சிரிக்காத லாயம் கிடையாது. அவளும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோலச் சிரித்துவைப்பாள்.

இந்த முறை போன் செய்தது அவளுடைய அண்ணன். ஊருக்கு வெளியே அண்ணியும் அவருமாகச் சின்னதாய் ஒரு குதிரையேற்றப் பள்ளி நடத்தினார்கள்.

"செம்பனுக்கு முடியலம்மா. நின்னுகிட்டே இருக்கான். திடீர்னு முன்கால் மடங்கி விழப்போறான். நேத்து ஒரு பொண்ணு மேல உக்காந்திருக்கும்போதே மடங்கிடுச்சு. நல்லவேளை, அடி இல்ல."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"தூக்கம் இல்லையாம். குதிரை நின்னபடியே கண் அசருமாம், ஆனா ஆழ்ந்து தூங்கணும்னா படுத்தே ஆகணுமாம். இவன் படுத்தே எத்தனையோ வாரம் ஆச்சு. இடுப்புல பிடிப்பு இருக்கு, எலும்பு நல்லாத்தான் இருக்கு, உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்கன்னாங்க." அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "இப்படியே போனா ஒரு நாள் முன்காலை ஒடிச்சுக்குவான். அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அவள் உடனே வருவதாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான், அந்த வீட்டுப் பக்கம் போய் நெடுநாளாகிறது என்பது உறைத்தது. போன மழைக்காலத்தில் அவள் கணவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்ததிலிருந்து, வந்து இங்கேயே இரு என்று அண்ணி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவளும் இன்றைக்கு ஒரு லாயம், நாளைக்கு ஒரு லாயம் என்று சாக்குச் சொல்லியே நாளைக் கடத்தினாள். அவள் வீட்டில் கட்டிலில் படுக்கை விரித்தது விரித்தபடி கிடந்தது. கூடத்து நாற்காலியில், சத்தத்தைக் குறைத்து வைத்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே விடியும்.

அவள் போய் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. லாயத்துக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெளிச்சம் கோல்கோலாக இறங்கி, வைக்கோல் தூசி அதற்குள் மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. செம்பன் தன் அறையின் நடுவில் நின்றான். நல்ல செம்பழுப்பு நிறம். முன்கால்களின் கணு இரண்டிலும் காய்ந்த புண். விழப்போய் விழப்போய்த் தரையில் உரசி வந்த காயம் அது. தலை மெதுவாகத் தாழ்ந்தது, கண் சொருகியது, முழங்கால் தளர்ந்தது, விழப்போகும் நொடியில் உதறிக்கொண்டு நிமிர்ந்தான்.

பக்கத்து அறை காலி. முன்பு அங்கே கிழவி என்ற வெள்ளைக் குதிரை இருந்தது. இரண்டும் ஒரே நாளில் இங்கே வந்தவை.

"கிழவி எப்போ போச்சு, அண்ணி?"

"உங்க வீட்டுல அப்படி ஆன அதே மாசம்தான்," என்றாள் அண்ணி. "நீ இருந்த நிலைமையில குதிரை செத்த கதைய எங்க சொல்றது? அது நிக்கும், இவன் படுப்பான். இவன் எழுந்தாத்தான் அது படுக்கும். அப்படி ஒரு ஒப்பந்தம் ரெண்டுக்கும்." தண்ணீர் வாளியை உள்ளே வைத்துவிட்டு, அண்ணி தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

மாவக்கா மோதிரத்தைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, செம்பனின் கழுத்தும் தோளும் சேருமிடத்தில் வெறுமனே வைத்தாள். முதலில் அழுத்தக் கூடாது. இது இன்னார் கை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் காது ஒன்று அவள் பக்கம் திரும்பியது. பிறகு முதுகெலும்பின் மேல் படாமல், அதன் ஓரமாக, விரல் நுனிகளை நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவன் இமை துடித்தது. அங்கே நின்றாள். இலை மேல் விரல் வைத்த கனம்தான், அதற்கு மேல் இல்லை. காத்திருந்தாள். செம்பன் நெடுமூச்சு விட்டான், நாக்கால் உதட்டை நக்கினான், பற்களெல்லாம் தெரியக் கொட்டாவி விட்டான்.

"அப்படித்தான். விடு, விடு. யாரும் உன்னைத் துரத்தலை," என்றாள்.

இடுப்புக்கு வந்ததும் கைக்குக் கல் தட்டுப்பட்டது. தசை அப்படி இறுகியிருந்தது. படுக்கவும் எழவும் அந்த இடம்தானே இடம் கொடுக்க வேண்டும்? முன்கையைச் சாய்த்து, தன் உடம்பின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் இறக்கினாள். செம்பன் திரும்பி அவள் புடவையைக் கவ்விப் பார்த்தான். விட்டான். மறுபடி அழுத்தினாள். நேரம் போவது தெரியவில்லை. வெளியே எங்கோ வாளி உருண்டது, புறா ஒன்று முனகியது, எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோலக் கேட்டது. கடைசியில் அந்தக் கல் இளகியது. அவன் கீழுதடு தொங்கி, அதிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. வாலின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பிடித்தாள். அவனும் தன் பங்குக்கு முன்னால் சாய்ந்து முதுகை நீட்டிக் கொடுத்தான்.

ஆனால் படுக்கவில்லை. முன்னங்காலால் வைக்கோலைக் கிளறினான், ஒரு வட்டம் சுற்றினான், காலி அறைப் பக்கம் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான்.

"சரி, உன் இஷ்டம்," என்று சொல்லி, அவள் சுவரோரமாக வைக்கோலில் உட்கார்ந்தாள். கை இரண்டும் விண்விண் என்று தெறித்தன. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு எழலாம் என்றுதான் நினைத்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. குதிரையின் மூச்சு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அதோடு கூடவே அவளும் எங்கோ இறங்கிப் போய்விட்டாள்.

கண் விழித்தபோது வெளிச்சக் கோல்கள் எதிர்ச் சுவருக்கு நகர்ந்திருந்தன. அவள் காலுக்கு அருகில் ஒரு சிவந்த மேடு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. அது என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. செம்பன் பக்கவாட்டில் முழுசாகச் சாய்ந்து கிடந்தான். தலை வைக்கோலில், கழுத்து நீட்டி. குளம்புகள் காற்றில் சின்னச் சின்னதாக ஓடின. மூக்கு விடைத்தது, தொண்டைக்குள் ஒரு சின்னக் கனைப்பு கேட்டு அடங்கியது.

அவளுக்கு ஒரு கால் மரத்துப் போயிருந்தது. அசையப் பயந்தாள்.

கதவருகே அண்ணி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, முந்தானையெல்லாம் தூசி. உதட்டில் விரலை வைத்தாள்.

"எப்போ படுத்தான்?" என்று இவள் மூச்சாலேயே கேட்டாள்.

"நீ தூங்கினப்புறம். உன்னைச் சுத்திச் சுத்தி வந்தான், மோந்து பாத்தான். மிதிச்சிடப் போறானேன்னு நான் ஓடி வந்தேன். என்னைப் பாத்தான். நான் இங்க நின்னேன். சரி, இவ நிக்கிறான்னு நினைச்சானோ என்னவோ, பொத்துன்னு படுத்துட்டான்."

"அப்போலேர்ந்து நிக்கிறீங்களா?"

"பின்ன? நான் நகந்தா ரெண்டு பேரும் முழிச்சுக்குவீங்களே."

அந்த நேரம் பார்த்து அண்ணன், "என்னாச்சு, படுத்தானா?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் வந்தார். அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். மனுஷர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு திருடன் மாதிரி பூனைநடை போட்டு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்று சைகை காட்டினார். மாவக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று பேரும் சத்தமில்லாமல் இருந்தார்கள். குதிரை தூங்கியது.

அவனாக எழுந்து உடம்பை உலுக்கி எல்லோர் மேலும் வைக்கோலை அடித்த பிறகுதான் பேச்சு வந்தது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அண்ணி அவள் தலையிலிருந்து வைக்கோலைப் பொறுக்கி எடுத்தபடி, "அவன் ஓடுற கனா கண்டிருப்பான். நீ என்ன கண்ட? உதடு அசைஞ்சுகிட்டே இருந்துச்சு," என்றாள்.

அவள் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள்.

"பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தோம், அண்ணி. அவரும் நானும். மழை. 'நீ சாஞ்சு தூங்கு, பஸ் வந்தா எழுப்பறேன்'னாரு. அவரு தோள்ல சாஞ்சு தூங்கிட்டேன்."

"பஸ் வந்துச்சா?"

"வரல."

அண்ணி கடைசி வைக்கோலையும் எடுத்துப் போட்டாள். பிறகு, "மாடி ரூம் சும்மாதான் கிடக்கு," என்றாள். "அவனுக்குத் துணைக்கு உங்கண்ணன் எங்கிருந்தாவது ஒரு கழுதையோ குதிரையோ பிடிச்சுட்டு வரட்டும். அதுவரைக்கும் நான் ஒருத்தியே எத்தனை பேருக்குக் காவல் நிக்கிறது? நீயும் ஒரு கை குடு."

இந்தத் தடவை அவளுக்குச் சாக்கு எதுவும் வாயில் வரவில்லை. வரவழைக்கவும் அவள் முயலவில்லை. "துணி எடுத்துட்டு வரணும்," என்றாள்.

"என் புடவையைக் கட்டிக்க. துணி எங்க போகுது?"

கழுதை ஒன்று அடுத்த வாரமே வந்து சேர்ந்தது. சிடுமூஞ்சி. மாவக்காவின் கையை முதல் நாளே உதைத்துத் தள்ளியது. ஆனால் மதிய நேரங்களில் அது காதை விறைத்துக்கொண்டு கிழவியின் அறையில் நிற்க, செம்பன் சுற்றிச் சுற்றி வந்து, வைக்கோலைக் கிளறி, முழங்காலை மடக்கிக் கீழே இறங்குவான். கணுவில் இருந்த புண்ணின் மேல் புது முடி மெல்லியதாக, அவன் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறி, முளைக்கத் தொடங்கியிருந்தது.