மூலைக்கு மூலை

எனக்கு வாய் அதிகம். தச்சுப் பட்டறையில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஆனால் அந்த வாய் என் மனைவியிடம் செல்லாது. அவள் கணக்கு டீச்சர். "நாம ரெண்டு பேரும் சாய்சதுரத்தோட மூலைவிட்டம்ங்க. அளவு ஒத்துவராது, குறுக்க வெட்டிக்கிட்டே இருப்போம்" என்று சிரிப்பாள். எனக்குப் பாதி புரியாது, நானும் சிரிப்பேன்.

இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமாம். மறுநாளே சுவரை உடைத்தேன். சட்டத்தை அடித்து, அவள் அறையிலேயே தரையில் கிடத்தி, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன். இரண்டும் ஒரே அளவு.

"செவ்வகம். முடிஞ்சுது" என்றேன்.

படுத்தபடியே கேட்டாள். "சமமா இருந்தா மட்டும் போதுமா? ஒண்ணையொண்ணு சரிபாதியா வெட்டுதா பாத்தீங்களா? மேல குறுகின சரிவகத்துக்கும் ரெண்டும் சமமா வருமே."

"உன் கரும்பலகைய என் மரத்து மேல ஏத்தாத. முப்பது வருஷமா இதான் என் பொழப்பு."

சட்டத்தைச் சுவரில் வைத்துப் பூசிவிட்டேன்.

ஜன்னல் கதவு மாட்டும்போது மானம் போயிற்று. கீழே சேர்ந்த கதவுகள் மேலே முட்டிக்கொண்டன. அவசரத்தில் மேல்கட்டையை முக்கால் அங்குலம் குறைத்து அறுத்திருக்கிறேன், மடையன்.

"விடுங்க, தெறந்தே கெடக்கட்டும். காத்து வருதுல்ல? செத்த நேரம் இங்க வந்து உக்காருங்க" என்றாள்.

கேட்டேனா? என் வேலை கோணலாக அவள் கண்முன் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. சட்டத்தைப் பெயர்த்தேன். தூசி ஆகாதென்று அவளைப் பின்னறைக்கு மாற்றி, கொழுந்தியாளைத் துணைக்கு வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். இரண்டு நாள். சாப்பிட வந்தபோதும் ஜன்னலைப் பற்றியேதான் பேசினேன்.

புதுச் சட்டத்தில் மூலைக்கு மூலை அளந்தேன், சமம். பிறகு இரண்டு நூல் கட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் மையால் புள்ளி வைத்தேன். இரண்டு புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. அட, டீச்சரம்மா! நீ சொன்னதுதான் சரி என்று கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட வேண்டும். சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

வாசலில் கொழுந்தியாள் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டத்தை இறக்கிச் சுவரில் சாய்த்தேன்.

"இப்பத்தான் மாமா. ஆள் அனுப்பறதுக்குள்ள..."

வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. "ஜன்னலப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்ல மாமா. அவர் வந்துட்டாரா, அவர் வந்துட்டாரான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தா."